ஐந்துக்குக் குறைந்தவர்கள்

எங்கள் மாவட்டத்தில் பெண்களுக்குப் புற்றுநோய் கிடையாது என்பதை, என் தங்கைக்குப் புற்றுநோய் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தெல்மிராவுக்கு நாற்பத்தேழு வயது. கருப்பை வாயில் கட்டி. மாவட்ட ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளியெடுத்துப் பார்த்து, அதுதான் என்று எழுதி, முத்திரை குத்தி, "கரன்ட் வைக்கணும், தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். கரன்ட் வைக்கிற கதிர்வீச்சு இயந்திரம் தலைநகரில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான். ஆற்றைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது மாடும் நிலமும் வைத்திருப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு, எந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது நோய் எண்ணிக்கைக்கான தேசிய மன்றம். அதன் கிளை எங்கள் ஊரில் தேவாலயத்துக்குப் பின்னால், பழைய தபால் ஆபீஸ் கட்டடத்தில் இருக்கிறது. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை எண்ணுவார்கள்.

அங்கே எழுத்தராக இருப்பவள் காசில்தா. என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறாள். குளிர்ந்த நீர்க் குடுவையைக் கைக்குழந்தை போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெரெரே என்கிற மூலிகைத் தண்ணீரை உறிஞ்சியபடி பேரேட்டைப் புரட்டினாள்.

"தெல்மிரா ரோலோன்... இருக்கா, என் ராணி. போன மாசமே பதிவாயிடுச்சு."

"அப்ப எப்போ கூப்பிடுவாங்க?"

"கூப்பிட மாட்டாங்க."

"ஏன்?"

"நட்சத்திரம் விழுந்திருக்கு."

தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இடது ஓரத்தில் மாவட்டங்கள், மேலே உறுப்புகளும் வயதுகளும். மற்ற மாவட்டங்களில் பதினொன்று, இருபத்து மூன்று என்று எண்கள் இருந்தன. கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் எதை நினைத்தேன் என்று உறைத்தது. எங்கள் வரிசையில் எண்ணே இல்லை. கோடு முழுக்க நட்சத்திரக் குறிகள்.

"ஒரு கட்டத்துல அஞ்சு பேருக்குக் குறைவா இருந்தா எண்ணைப் போடக் கூடாது. நட்சத்திரம்தான் போடணும்" என்றாள் காசில்தா. "அந்தரங்கம் காக்கறதுக்கு. எண்ணை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சிடக் கூடாதுல்ல?"

"அவளுக்கு என்னன்னு ஊருக்கே தெரியுமே. பேரைச் சொல்லாம எல்லாரும் விசாரிக்கிறாங்க."

"ஊருக்குத் தெரியலாம், என் ராணி. அரசாங்கத்துக்குத் தெரியக் கூடாது."

"சரி, ஒரு நட்சத்திரத்துக்கு எத்தனை இடம் குடுப்பாங்க?"

காசில்தா உறிஞ்சுவதை நிறுத்தினாள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "தலைநகர்ல இருக்கிற கம்ப்யூட்டர் எண்ணை மட்டும்தான் படிக்கும். நட்சத்திரத்தைப் பார்த்தா பூஜ்யம்னு எடுத்துக்கும்."

இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றேன். டாக்டர் பெனேகாஸ் சட்டம் படித்தவர். எங்கள் ஊரில் வக்கீலும் டாக்டர்தான். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், பெண்களிடம் புற்றுநோய் மிகக் குறைந்த மாவட்டம் என்று எழுதிய பாராட்டுச் சான்றிதழ்கள் ஏழு, வருட வரிசையில் மாட்டப்பட்டிருந்தன. எட்டாவதுக்கு ஆணி அடித்துத் தயாராக இருந்தது.

நான் சொன்னதை முழுவதும் கேட்டார். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"பாருங்கம்மா, நோய் ரெண்டு விதம்" என்றார். "உடம்புல இருக்கிறது ஒண்ணு. அட்டவணையில இருக்கிறது ஒண்ணு. உடம்புக்கு ஆஸ்பத்திரி பொறுப்பு. அட்டவணைக்கு நான் பொறுப்பு. நான் வந்து எட்டு வருஷமாகுது. என் பொறுப்புல இருக்கிற இடத்துல ஒரு பொம்பளை கூட நோய்ல விழல."

"டாக்டர், என் தங்கச்சி செத்துப்போயிடுவா."

நெஞ்சில் கை வைத்தார். நடிக்கவில்லை. கண் கலங்கியது. "அப்படி ஒண்ணு நடந்தா, அது இறப்பு அட்டவணையில வந்துதான் ஆகணும். நானே முன்னால நின்னு பார்த்துக்கறேன்." சற்று யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "அதுக்கும் அஞ்சு வேணும்."

வெளியே வந்து காசில்தாவிடம் கேட்டேன். "அந்தக் கட்டத்துல இப்ப எத்தனை பேரு? இன்னும் எத்தனை வேணும்?"

"அதைச் சொன்னா என் வேலை போயிடும்."

ஆனால் பையிலிருந்து சிப்பா ரொட்டிகளை எடுத்தாள். மேசைமேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக மாமரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

"ஐயோ, திங்கறதுக்கு இல்லடி!" என்று என் கையில் அடித்தாள். "எண்ணறதுக்கு!"

மூன்று. தெல்மிராவையும் சேர்த்து. இன்னும் இரண்டு பெண்கள் வேண்டும். எங்கள் மாவட்டத்தில், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குள், அதே உறுப்பில், நவம்பர் முப்பதாம் தேதி அட்டவணையை மூடுவதற்குள். அன்று அக்டோபர் ஆறு.

வீட்டின் முன்னறைதான் என் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு பீங்கான் தொட்டி. இருபது வருடங்களாக இந்த ஊர்ப் பெண்களின் தலைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன். தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியதும் பெண்கள் எதையெல்லாமோ சொல்லிவிடுவார்கள். அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்டோபரிலிருந்து தேட ஆரம்பித்தேன். யார் முகம் வெளுத்திருக்கிறது, யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள், யார் கறை தெரியாமலிருக்க வெயிலிலும் கறுப்புப் பாவாடை கட்டுகிறாள் என்று பார்த்தேன். ஆரோக்கியமாக ஒருத்தி சிரித்துக்கொண்டு உள்ளே வந்தால் எனக்குச் சலிப்பாக இருந்தது. முன்பெல்லாம் என் விரல்களுக்கு இந்தத் தலைகள்மேல் ஒரு பிரியம் உண்டு. அது எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

தெல்மிரா உள்ளறைக் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். கடை மூடியதும் குரல் வரும்.

"என்ன நிமியா, இன்னைக்கு ஏதாச்சும் சிக்குச்சா?"

"சும்மா இரு."

"மாசம் முழுக்கத் தூண்டிலைப் போட்டுட்டு உக்காந்திருக்கே. நோய் உள்ளவளுக்கு இலவசமா முடி வெட்டறதா பலகை எழுதி மாட்டிடு. வரிசையில நிப்பாங்க."

சிரிப்பாள். சிரித்ததும் வலியில் முகம் சுருங்கும். நான் துணி மாற்றிவிடுவேன்.

ப்ளாசிதா வந்தது அந்த மாதக் கடைசியில். பேருந்து நிலையத்தில் தலையில் கூடையோடு சிப்பா விற்பவள். சாயம் போட்டுக்கொள்ள வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒரு பக்க இடுப்பில் மட்டும் பாரத்தைப் போட்டு உட்கார்ந்தாள். தெல்மிராவும் அப்படித்தான் உட்காருவாள். நான் கதவைச் சாத்தினேன்.

"எத்தனை மாசமா?"

"என்ன எத்தனை மாசமா? வயித்துப் புண்ணு. ஊறுகாய் ஒத்துக்கல."

"உனக்கு என்ன வயசு, ப்ளாசிதா?"

"சாயத்தைப் போடு நிமியா. என் வயசு உனக்கெதுக்கு?"

சாயத்தைக் குழைத்தேன். கண்ணாடியில் அவள் கண்கள் என்னையே பார்த்தன. பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "நாப்பத்தாறு. வெளிய சொல்லிடாதே. அந்தப் பொல்லாத நோய் இருக்கிறவ பிசைஞ்ச மாவுன்னு தெரிஞ்சா யார் வாங்கித் தின்பா?"

பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரியில், சித்தி வீட்டு முகவரியைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மாவட்டத்தில் பார்த்த பதினொன்றில் ஒன்று இவள்! அங்கே பதினோரு பேருக்கு ஆறு இடம். ஆறில் இவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

"எங்க கணக்குக்கு வந்துடு. பேர் வெளிய வராது. அதுக்குத்தானே சட்டம் போட்டிருக்காங்க" என்றேன். டாக்டர் பெனேகாஸின் குரலில் நானே பேசியதைக் கேட்டேன்.

ஆனால் ஒரு நோயாளியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றுவது, பந்தாட்டக்காரனை அணி மாற்றுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. பக்கத்து மாவட்ட இயக்குநர் கடிதம் எழுதினார். "மேற்படி நோயாளியை எங்கள் பணியாளர்கள் மிகுந்த சிரமப்பட்டுக் கண்டறிந்தார்கள். அவரை விட்டுக்கொடுப்பது எங்கள் உழைப்புக்கு அவமரியாதை" என்று. மூன்று கடிதங்களுக்குப் பிறகு, பதிலுக்கு ஒருவரைக் கொடுத்தால் சம்மதம் என்றார். இரைப்பையில் நோய் உள்ள ஒரு ஆணை நாங்கள் கொடுத்தோம். டாக்டர் பெனேகாஸுக்கு அதில் சந்தோஷம்தான். ஆண்கள் பக்கமும் குறைகிறதல்லவா? அந்த மனிதர் எங்கள் ஊர்ச் சலவைக்காரர். தான் இடம் பெயர்ந்தது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

நான்கு ஆயிற்று. நவம்பர் பதினைந்து. மாம்பழங்கள் மரத்தடியில் விழுந்து அழுகிக்கொண்டிருந்தன. தெல்மிரா கஞ்சியைத் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை.

பதினெட்டாம் தேதி காலையில் லியோகாதியா வந்தாள். சான்றுப் பத்திரம் எழுதுபவரின் மனைவி. நீண்ட, அடர்த்தியான முடி. யாரையும் தொட விடமாட்டாள். "குட்டையா வெட்டிடு" என்றாள்.

"எவ்வளவு?"

"முழுக்க. எப்படியும் கொட்டிடுமாம். நேத்துதான் ரிசல்ட் வந்துச்சு."

கத்தரிக்கோல் என் கையில் நின்றது. "எந்த இடத்துல?" என்று கேட்டேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், கையால் அடிவயிற்றுக்குக் கீழே காட்டினாள்.

"வயசு?"

"வர்ற மார்ச்சுல அம்பது."

என் உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சந்தோஷம். பண்டிகைக் காலையில் எழுந்திருக்கும்போது வருமே, அது. "கடவுளே, உனக்கு நன்றி" என்று வாய் முணுமுணுத்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

லியோகாதியா திரும்பி என் கையைப் பற்றிக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் கூட அழல நிமியா. நீ எனக்காக அழறே. ஜெபம் பண்றே."

நான் மறுத்துச் சொல்லவில்லை. அவள் முடியை அழகாக வெட்டிவிட்டேன். காசு வாங்கவில்லை.

காசில்தா மறுநாள் கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். சிவப்பு மையால் இரண்டு முறை. எட்டு வருடங்களில் எங்கள் வரிசையில் விழுந்த முதல் எண் அது. ஐந்து பேருக்கு மூன்று இடம். தெல்மிராவின் பதிவு மூன்றில் முதலாவது. அன்று இரவு சாப்பாட்டில் அவள் இரண்டு துண்டு மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டாள்.

இருபத்தேழாம் தேதி மதியத் தூக்கத்தில் ஊர் அடங்கியிருந்தபோது காசில்தா மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் குடுவை இல்லை. அவளை அது இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

"டீச்சர் அப்போலோனியா செத்துட்டாங்க."

"ஐயோ பாவம்."

"பாவம்தான். சீக்கிரம் கிளம்பு. சிங்காரிக்க உன்னைத்தான் கூப்பிடப் போறாங்க." என் காதருகே குனிந்தாள். "முதல்ல இருந்த மூணு பேர்ல ஒண்ணு அவங்க. அது அப்படியே இருக்கும், செத்தாலும் எண்ணிக்கையில இருப்பாங்க. ஆனா சாவுச் சீட்டுல வேற நோய் எழுதிட்டா, முன்னால பதிஞ்சது தப்புன்னு தலைநகர்ல அடிச்சிடுவாங்க. திருத்தம்னு பேரு அதுக்கு. போய் எப்படியாச்சும் பேசு, என் ராணி."

டீச்சர் வீட்டில் கூடத்து மேசையை நடுவில் இழுத்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். நான் சீப்பையும் கொண்டை ஊசிகளையும் எடுத்துத் தலைமாட்டில் நின்றேன். பக்கத்துச் சின்ன மேசையில் ஆஸ்பத்திரி டாக்டர் சாவுச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். எதிரே டீச்சரின் அண்ணன் எவரிஸ்தோ, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இதயம்னு போட்டுடுங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் தலையாட்டினார். எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள், அவர் அப்படித்தான் எழுதுவார். பொய்யென்று யாரும் நினைப்பதில்லை. கடைசியில் எல்லாருக்கும் இதயம்தானே நிற்கிறது?

"எவரிஸ்தோ அண்ணே" என்றேன். "உண்மையை எழுதச் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. சொன்னேன். கட்டம், நட்சத்திரம், ஐந்து, இயந்திரம், தெல்மிரா. பிணத்தின் தலைமுடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயமாக அது இல்லை.

"இருபத்தி ரெண்டு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவ" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "கல்யாணம் கட்டாதவ. அவளுக்கு எந்த இடத்துல நோய்னு சீல் வெச்ச பேப்பர்ல எழுதி வைக்கச் சொல்றியா?"

"ஊருக்குத் தெரியுமேண்ணே."

"ஊருக்குத் தெரிஞ்சிட்டுப் போகட்டும். பேப்பர் சுத்தமா இருக்கணும்."

"என் தங்கச்சி உயிரோட இருக்கா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது போலத்தான் பார்த்தார். "உங்க அம்மா சாவுச் சீட்டுல என்ன இருக்கு, நிமியா?"

டாக்டரின் பேனா நின்றது. அந்தச் சீட்டையும் எழுதியது அவர்தான்.

"இதயம்" என்றேன்.

"யார் எழுதச் சொன்னது?"

"நான்தான்."

அம்மாவுக்கும் அதே இடம்தான். அன்றைக்கு டாக்டரிடம் கேட்டபோது, அம்மாவுக்குச் செய்யும் கடைசி மரியாதை என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படி இல்லையென்று எனக்குச் சொல்ல வரவில்லை.

டாக்டர் எழுதினார். நான் டீச்சரின் முடியை நடு வகிடெடுத்து, அவர் பள்ளிக்குப் போகும்போது போடுவது போலக் கொண்டை போட்டேன்.

டிசம்பரில் அட்டவணை வந்தது. நட்சத்திரம்.

விழாவுக்குத் தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எட்டாவது ஆணியில் எட்டாவது சான்றிதழ் ஏறியது. டாக்டர் பெனேகாஸ் ஒலிபெருக்கியில் பேசினார். "இந்த வருஷம் நம்ம அட்டவணைக்குள்ள ஒரு எண் நுழையப் பார்த்தது. அந்த நாட்கள்ல நான் தூங்கல. என் மனைவி சாட்சி. ஆனா இந்த ஊர்ப் பண்பாடு நம்மைக் காப்பாத்திடுச்சு. நம்ம குடும்பங்களோட நாகரிகத்துக்கு முன்னால எந்த நோயும் நிக்காது." எல்லாரும் கைதட்டினார்கள். எவரிஸ்தோ கைதட்டவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்திருந்தார்.

தலைநகர் அதிகாரி ஒரு கவலையையும் தெரிவித்தார். இதய நோயால் பெண்கள் இறப்பதில் நாட்டிலேயே முதல் இடம் எங்கள் மாவட்டத்துக்கு. மூன்று இலக்க எண். நட்சத்திரத்துக்கு இடமே இல்லை. எண் பேசும்போது அரசாங்கம் கேட்கும் என்றார். ஆகவே உடனடியாக, கிறிஸ்துமஸுக்கு முன்பே, நடமாடும் இதயப் பரிசோதனை வண்டி ஒன்று அனுப்பப்படும் என்றார்.

அனுப்பினார்கள். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் பெரிய சிவப்பு இதயம் வரைந்தது, தேவாலயத்துக்கு முன்னால் வந்து நின்றது. குளிர்சாதனம், இரண்டு டாக்டர்கள், புது இயந்திரங்கள். காத்திருக்கவே வேண்டாம்.

"போகலாம்" என்றாள் தெல்மிரா.

"எதுக்குடி?"

"இந்த ஊருக்கு ஒரு டாக்டர் என்னைத் தேடி வந்திருக்கான். போகாட்டி மரியாதையா இருக்காது."

தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனேன். வரிசையில் முன்னால் லியோகாதியா நின்றிருந்தாள், தலையில் துணி கட்டி. ஆற்றைத் தாண்டிப் போய் வைத்தியம் தொடங்கியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தன் இடத்தைத் தெல்மிராவுக்குக் கொடுத்தாள். "இவ எனக்காக அழுதவ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்.

உள்ளே ஒரு இளம் டாக்டர் தெல்மிராவைப் படுக்க வைத்து மார்பில் கம்பிகளைப் பொருத்தினார். எலும்பு துருத்திக்கொண்டிருந்ததால் ஒட்டவில்லை. இரண்டு முறை முயன்றார். இயந்திரம் நீளமாகத் தாளைத் துப்பியது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"என்ன அருமையான இதயம்! இந்த ஊர்ல இப்படி ஒண்ணைப் பார்ப்பேன்னு எதிர்பார்க்கவே இல்ல. இதை வெச்சுக்கிட்டு நீங்க இன்னும் நாப்பது வருஷம் தாராளமா இருப்பீங்கம்மா."

"அந்த நாப்பதையும் எங்க போய் வாங்கிக்கணும் டாக்டர்?" என்றாள் தெல்மிரா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நகைச்சுவை உணர்வும் இதயத்துக்கு நல்லது என்றார்.

வண்டியின் படியருகே காசில்தா அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. "தெல்மிரா ரோலோன். நாப்பத்தஞ்சுலேருந்து நாப்பத்தொம்பது. ஆரோக்கியம்." அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினாள். "அறுபத்தி ரெண்டாவது, என் ராணி."

"இது அச்சுல வருமா?" என்று கேட்டாள் தெல்மிரா.

"வரும்."

"நட்சத்திரம் இல்லாம?"

"இல்லாம."

வெயில் ஏறியிருந்தது. பாதி வழியில் தெல்மிராவால் நடக்க முடியவில்லை. ஒரு மதில் நிழலில் நிறுத்தி, முதுகைக் காட்டிக் குனிந்தேன். சின்ன வயதில் அவள்தான் என்னைவிடக் கனம். தூக்க முடியாமல் அவளோடு சேர்ந்து விழுவேன். இப்போது ஒரே மூச்சில் எழுந்துவிட்டேன். வீடு வர இன்னும் நான்கு தெரு இருந்தது. அவளுடைய இதயம் என் முதுகில் சீராக, பலமாக அடித்துக்கொண்டே வந்தது.